முதல் ஹொக்கிப் பை: ஆயிரம் டொலருக்குள் தலை முதல் கால் வரை

பிள்ளையை அரீனாவுக்குக் கூட்டிச் சென்று கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்த தாய் தகப்பன்மாருக்கு, ஒரு கட்டத்தில் தாங்களும் இறங்கி ஐஸ் ஹொக்கி ஆட ஆசை வருகிறது. ரொறன்ரோ வட்டாரத்தில் அதற்கு வழியும் இருக்கிறது. வளர்ந்தோருக்கான ஆரம்ப வகுப்புகள் நடக்கின்றன. உடம்பால் மோதித் தள்ளுவதைத் தடைசெய்த பொழுதுபோக்கு லீக்குகள் இருக்கின்றன. பனிக்காலத்தில் நகரசபையின் வெளித்தளங்களில் யாரும் போய் ஷின்னி, அதாவது அணி, லீக் இல்லாத சும்மா ஹொக்கி ஆடலாம். இடையில் மலைபோல நிற்பது சாமான்தான். ஸ்கேற்ஸ், ஹெல்மெற், மட்டை, கையுறை, பாட் வகைகள் என்று பத்துப் பன்னிரண்டு பொருள்கள் வேண்டும். எல்லாவற்றிலும் விலை கூடிய மொடலையே எடுத்தால் மூவாயிரம் டொலரைத் தாண்டிவிடும்.

அவ்வளவு தேவையே இல்லை. கிழமைக்கு ஒன்றிரண்டு தடவை ஆடும், 150 முதல் 210 இறாத்தல் எடையுள்ள ஒருவருக்கு எந்தப் பொருளில் காசு பயன்படும், எதில் வீணாகும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். விலைகள் எல்லாம் கனடிய டொலரில், வரிக்கு முந்தியவை, அண்ணளவானவை. முடிவை முதலே சொல்லிவிடலாம்: ஸ்கேற்ஸ், ஹெல்மெற், கழுத்துக் காப்பு மூன்றும் புதிது. மட்டை புதிது, ஆனால் மலிவானது. ஜொக் ஷோர்ட்ஸும் (அந்தரங்க உறுப்புக் காப்பு வைத்த உள்காற்சட்டை) வாய்க்காப்பும் உடம்போடு ஒட்டியவை, அவையும் புதிது. மிச்சம் எல்லாம் பாவித்ததே போதும்.

ஸ்கேற்ஸ்

கையில் உள்ள காசில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டும். மற்ற எந்தப் பொருள் கொஞ்சம் பொருந்தாவிட்டாலும் ஆடலாம். ஸ்கேற்ஸ் பொருந்தாவிட்டால் பழகவே முடியாது. கால் நோவதால் விட்டுவிட்டுப் போனவர்கள் பலர், தங்களுக்கு விளையாட்டு வரவில்லை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். குற்றம் பூட்ஸின் அளவில் இருந்திருக்கும்.

நூறு முதல் இருநூறு டொலர் வரையுள்ள ஸ்கேற்ஸ், பூங்காவில் பிள்ளையின் கையைப் பிடித்துச் சுற்றுவதற்குச் செய்யப்பட்டவை. கணுக்கால் பக்கம் மென்மையாக இருப்பதால் கடையில் போட்டுப் பார்க்கும்போது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் 180 இறாத்தல் ஆள் ஒருவர் திடீரென்று நின்று திரும்பும்போது அந்தப் பக்கச்சுவர் உள்ளே மடிகிறது. சில மாதங்களில் பூட்ஸ் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். மலிவு மொடல்கள் பலவற்றில் பிளேட்டைத் தனியாகக் கழற்றி மாற்றவும் முடியாது.

மறுமுனையில் ஆயிரம் டொலருக்கு மேல் விற்பவை, கிழமைக்கு ஐந்து ஆறு நாள் ஆடும் கால்களுக்கானவை. பூட்ஸ் கல் மாதிரி இறுகியிருக்கும். கணுக்காலை மடித்து முழங்காலை முன்னே கொண்டுவரப் பழகாத ஒருவருக்கு அது உதவியை விட இடைஞ்சல்தான் அதிகம். 280 முதல் 450 டொலர் வரையுள்ள நடுத்தட்டே சரியான இடம். இந்த விலையில் சூட்டில் இளகிக் காலுக்கேற்பப் படியும் பூட்ஸ், மாற்றக்கூடிய பிளேட், போதுமான உறுதி மூன்றும் கிடைக்கின்றன. போன வருட மொடலாக இருந்தால், அறுநூறு டொலர்த் தட்டில் இருந்தது இந்த விலைக்கு இறங்கி நிற்கும். அதைத்தான் தேட வேண்டும்.

பாவர், சிசிஎம், ட்ரூ என்ற பெயர்களுக்குள் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பதில் உங்கள் பாதத்தில்தான் இருக்கிறது. பாவர் தன் ஸ்கேற்ஸை ஃபிற் 1, 2, 3 என்று பிரிக்கிறது: 1 ஒடுங்கி ஆழம் குறைந்தது, 3 அகன்று ஆழம் கூடியது. சிசிஎம் அதையே ஒடுங்கியது, வழமையானது, அகன்றது என்று மூன்றாகத் தருகிறது. செருப்போடு வளர்ந்த பாதம் விரல் பக்கம் விரிந்திருப்பது வழக்கம். குதிக்கால் ஒடுங்கி முன்பாதம் அகன்ற கால்காரர் அகலமானதைத்தான் முதலில் கேட்பார். ஆனால் முழுதும் அகன்ற பூட்ஸில் குதிக்கால் உள்ளே மேலும் கீழுமாக ஏறி இறங்கும். அப்படியானவர்கள் நடு அகலத்தை எடுத்து, கடையில் சூடாக்கி, முன்பக்கத்தை மட்டும் இழுத்து விரிக்கச் சொல்வது நல்லது. பெரிய ஹொக்கிக் கடைகளில் அதற்கான கருவி இருக்கிறது. பூட்ஸை விரிக்க முடியும், ஒடுக்க முடியாது என்பதை நினைவில் வைத்தால் அளவு தவறாது.

சப்பாத்து இலக்கத்தை விட ஸ்கேற்ஸ் இலக்கம் ஒன்று முதல் ஒன்றரை வரை குறைவாக இருக்கும். ஆண்கள் சப்பாத்து 9 என்றால் 7.5 அல்லது 8இல் தொடங்கிப் பார்க்க வேண்டும். பெண்கள் முதலில் தங்கள் இலக்கத்தை ஆண்கள் இலக்கத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்: பெண்கள் 8, ஆண்கள் 6.5க்குக் கிட்ட வரும், அப்படியானால் ஸ்கேற்ஸ் 5 அல்லது 5.5. சின்னப் பாதக்காரருக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. அந்த இலக்கங்கள் இளையோர் தட்டில் வருகின்றன, அதே மொடலின் பெரியோர் விலையை விடக் குறைவு. ஆனால் எடை கூடியவர்கள் பூட்ஸின் உறுதியைக் கையால் அமுக்கிப் பார்த்தே எடுக்க வேண்டும்.

போட்டுப் பார்க்கும் முறை இது. அரீனாவுக்குப் போடப்போகும் அதே மெல்லிய சொக்ஸைக் கொண்டு போங்கள். காலை உள்ளே விட்டதும் குதிக்காலை இரண்டு மூன்று தடவை நிலத்தில் தட்டிப் பின்னால் அமர்த்துங்கள். லேஸை இறுக்கு முன், நாக்கை முன்னே இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது துளைச் சோடியின் மேல் ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். பென்சில் இரண்டு பக்க ஓரங்களிலும் படிந்து கிடந்தால் ஆழம் போதும். பாதத்தின் மேல் ஏறி நின்று ஆடினால் அந்த பூட்ஸ் உங்களுக்கு ஆழம் காணாது. அதை லேஸால் இழுத்துக் கட்டினால், கணுக்காலின் முன்பக்க நரம்பை லேஸ் அழுத்தி, இரண்டாம் மாதம் படியேறவே நோகும். ஆழம் சரியென்றால் லேஸை இறுக்கி எழுந்து நில்லுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் முன்கவசத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்ததும் அந்தத் தொடுகை விட்டுப்போக வேண்டும். மடித்த பின்னும் விரல் முட்டினால் சின்னது. நிமிர்ந்து நிற்கும்போதே விரலுக்கு முன்னால் வெளி இருந்தால் பெரிது. அப்படியே பத்து நிமிடம் கடைக்குள் நில்லுங்கள். மரத்துப்போவது, ஒரு எலும்பில் மட்டும் குத்துவது இரண்டும் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வளர்ந்தவர்கள் செய்யும் பெரிய பிழை, சுகமாக இருக்கிறதென்று அரை அல்லது ஒரு இலக்கம் பெரிதாக எடுப்பது. பெரிய பூட்ஸில் குதிக்கால் தூக்குப்படும், கொப்புளம் வரும், கணுக்கால் இரண்டு பக்கமும் சாயும். அதைச் சமாளிக்க லேஸை இன்னும் இறுக்க, பாதம் மரத்துப்போகும்.

வாங்கிய கடையிலேயே பூட்ஸைச் சூடாக்கித் தருவார்கள். புதிது வாங்கினால் பெரும்பாலும் இலவசம். வீட்டு அடுப்பில் செய்யாதீர்கள், பசை விட்டுப்போகும். சூடான பூட்ஸைப் போட்டதும் லேஸை மெதுவாகவே இறுக்க வேண்டும். இளகியிருக்கும்போது அவசரமாக இழுத்தால் துளை வளையம் பிய்ந்துவிடும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் கதிரையில் அசையாமல் இருக்க வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது. ஒரு நாள் கழியும் வரை ஐஸில் இறங்கவும் கூடாது.

கூர்

புது ஸ்கேற்ஸ் கூர் இல்லாமல்தான் பெட்டியில் வருகிறது. இது தெரியாமல் நேரே வகுப்புக்குப் போய் அங்கே வழுக்கி விழுகிறவர்கள் ஒவ்வொரு செப்ரெம்பரிலும் உண்டு.

பிளேட்டின் அடிப்பக்கம் தட்டையானது அல்ல. சாணைச் சில்லின் வளைந்த விளிம்பு அதன் நீளத்துக்கு ஒரு குழியை வெட்டிச் செல்கிறது. அந்தக் குழியின் இரு கரைகளும்தான் உள்விளிம்பு, வெளிவிளிம்பு. குழி எவ்வளவு ஆழம் என்பதை வட்டத்தின் ஆரையால் சொல்வார்கள். 3/8 அங்குலம் ஆழமான குழி, ஐஸை நன்றாகக் கடிக்கும். 5/8 அங்குலம் ஆழம் குறைந்தது, நன்றாக வழுக்கிச் செல்லும். இலக்கம் பெருக்கப் பிடி குறையும். ஒன்றும் சொல்லாவிட்டால் கடைக்காரர் பெரும்பாலும் 1/2 அங்குலம் போடுவார். 190 இறாத்தலுக்கு மேல் உள்ள ஆரம்பகாரர் 5/8 கேட்பது நல்லது. உடம்பின் பாரமே விளிம்பை ஐஸுக்குள் இறக்கிவிடும் என்பதால், ஆழக்குழி போட்டால் நிற்கப் பழகும்போது பிளேட் பக்கவாட்டில் சறுக்காமல் கொளுவி ஆளைத் தூக்கி எறியும். எடை குறைந்தவர்கள் 1/2இல் தொடங்கலாம்.

ஒரு தடவை கூர் போட 8 முதல் 15 டொலர். கிழமைக்கு ஒரு ஆட்டம் என்றால் ஆறு ஏழு கிழமைக்கு ஒரு தடவை போதும். கூர் போட்டு வாங்கியதும் ஸ்கேற்றைத் தலைகீழாகப் பிடித்து, பிளேட்டின் இரு விளிம்புகள் மேலும் ஒரு காசைக் குறுக்கே தட்டையாக வையுங்கள். காசும் பிளேட்டின் பக்கமும் செங்கோணத்தில் இருந்தால் சரி. காசு ஒரு பக்கம் சரிந்திருந்தால் ஒரு விளிம்பு மற்றதைவிட உயரமாக வெட்டப்பட்டிருக்கிறது. அந்தக் காலால் ஒரு பக்கம் திரும்பும்போது கடிக்கும், மறுபக்கம் வழுக்கும். அங்கேயே திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நன்றாகச் செய்யும் ஒருவரைக் கண்டுபிடித்தால் அவரையே வைத்துக்கொள்ளுங்கள். இலக்கம் ஒன்றே ஆனாலும் கைக்குக் கை வித்தியாசம் தெரியும்.

ஐஸ் பக்கத்தில் விரித்திருக்கும் றப்பர்ப் பாயைத் தவிர வேறெதன் மேலும் வெறும் பிளேட்டோடு நடக்காதீர்கள். சீமெந்தில் நாலு அடி வைத்தால் கூர் போய்விடும். நடப்பதற்குப் பிளாஸ்ரிக் உறை, வைப்பதற்குத் துணி உறை. இரண்டையும் மாற்றிப் பாவித்தால், பிளாஸ்ரிக்குக்குள் தேங்கும் ஈரம் ஒரே இரவில் துரு ஏற்றிவிடும்.

தலையும் கழுத்தும்

பாவித்த ஹெல்மெற்றை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் நுரை என்னென்ன அடி வாங்கியது என்பது வெளியே தெரியாது. புதிதிலும் சிஎஸ்ஏ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கனடாவில் அதுதான் ஏற்கப்பட்ட அடையாளம். எச்ஈசிசி என்ற அமெரிக்க முத்திரையும் பலவற்றில் இருக்கும். அதில் ஒரு முடிவுத் திகதி உண்டு, செய்த நாளிலிருந்து ஆறரை வருடம். கடையின் ஒரு மூலையில் நீண்டநாள் கிடந்த ஹெல்மெற்றை மலிவில் எடுக்கும்போது அந்தத் திகதியைக் கட்டாயம் பாருங்கள்.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது இங்கே பொருந்தாது. அமெரிக்காவின் வெர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகம் 2015இல் ஹொக்கி ஹெல்மெற்றுகளைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியபோது, ஒன்றுக்குக்கூட ஐந்து நட்சத்திரம் கிடைக்கவில்லை. விலைக்கும் நட்சத்திரத்துக்கும் நேரான தொடர்பும் இருக்கவில்லை. அந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. வாங்குமுன் பார்த்துவிட்டுப் போகலாம். கூண்டோடு சேர்த்து 100 முதல் 150 டொலருக்குள் நல்ல ஹெல்மெற் கிடைக்கிறது. முன்விளிம்பு புருவத்துக்கு ஒரு விரல் மேலே இருக்க வேண்டும். தாடைப்பட்டி கட்டாமலே தலையைக் குலுக்கினால் ஆடக் கூடாது. ஒவ்வொரு மொடலும் ஒவ்வொரு தலை வடிவத்துக்கானது. நெற்றியில் மட்டும் அழுத்தினால் இலக்கத்தை அல்ல, மொடலை மாற்ற வேண்டும்.

முகத்துக்குக் கம்பிக் கூண்டுதான் எங்கள் தெரிவு. அரைக் கண்ணாடி அழகாக இருக்கும், பல்லைக் காப்பாற்றாது. ஆரம்ப ஆட்டங்களில் ஆபத்து, அடித்து ஆடும் றப்பர் வட்டான பக்கிலிருந்து மட்டும் வருவதில்லை. கட்டுப்பாடில்லாமல் உயரும் மட்டைகளிலிருந்தும் வருகிறது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கூண்டே வசதி. முழுக் கண்ணாடி முகக்கவசத்துக்குள் மூச்சுக்காற்றில் இரண்டு கண்ணாடியும் சேர்ந்து புகைபடியும்.

கழுத்துக் காப்பைப் பற்றி யாரும் தயங்கக் கூடாது. 2023 ஒக்ரோபர் 28இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில், நொற்றிங்காம் பாந்தர்ஸ் வீரர் அடம் ஜோன்சன் ஸ்கேற் பிளேட் கழுத்தை வெட்டி இறந்தார். அதன் பிறகு சர்வதேசக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. வளர்ந்தோர் பொழுதுபோக்கு லீக்குகள் பலவற்றில் அது இன்னும் அவரவர் விருப்பம். 30 முதல் 60 டொலருக்கு வெட்டுத்தாங்கும் துணியில் கழுத்துப்பட்டியாகவோ, கழுத்து சேர்ந்த உள்பெனியனாகவோ வாங்கலாம். பட்டி வாங்கினால் கியூபெக் தர நிறுவனத்தின் பிஎன்கியூ முத்திரை உள்ளதா என்று பாருங்கள். பெனியன் வகை வியர்வையை உறிஞ்சி, கழுத்தில் உறுத்தாமல் இருப்பதால் மறக்காமல் போடப்படுகிறது. அதற்காகவே கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். மணிக்கட்டைக் காக்கும் வெட்டுத்தாங்கி உறையும் குதிநரம்பைக் காக்கும் வெட்டுத்தாங்கி சொக்ஸும் முதல் நாளே வேண்டும் என்றில்லை. இரண்டாம் வருடத்துக்கு முன் வாங்கிவிடுங்கள்.

மட்டை

ஆசையில் காசு வீணாகும் இடம் இதுதான். 400 டொலர் கார்பன் மட்டையின் எடை குறைவும் வேகமான தெறிப்பும் முழு வேகத்தில் அடிக்கத் தெரிந்தவருக்குத்தான் வித்தியாசம் காட்டும். அதுவும் ஒரு ஆட்டத்தில் உடையக்கூடிய பொருள். விலை கூடியவற்றுக்கு நிறுவனங்கள் வழமையாக முப்பது நாள் உத்தரவாதம்தான் தருகின்றன. 80 முதல் 130 டொலர் மட்டை ஆரம்ப இரண்டு வருடத்துக்கு நிறையவே போதும்.

பார்க்க வேண்டியவை நாலு. முதலாவது கை. கிரிக்கெற்றில் வலதுகை மட்டையாளராக வளர்ந்தவருக்கு இடதுகை மேலேயும் வலதுகை கீழேயும் இருப்பது பழக்கம். புல்தரை ஹொக்கியிலும் அப்படித்தான். ஐஸ் ஹொக்கியில் அந்தப் பிடிக்கு உரியது வலது மட்டை. ஆனால் கனடாவில் வலதுகைப் பழக்கமுள்ள பலர் இடது மட்டைதான் பிடிக்கிறார்கள், பலமான கை மேலே இருந்து மட்டையை ஆள வேண்டும் என்பதற்காக. கடையிலும் இடது மட்டைதான் கூடக் கிடக்கும். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு மாற்றாமல், ஒரு தும்புத்தடியை எடுத்து நிலத்தில் தள்ளிப் பாருங்கள். கை தானாக எப்படிப் போகிறதோ அதுவே உங்கள் பக்கம்.

இரண்டாவது வளைவுத்தன்மை. ஃபிளெக்ஸ் என்று மட்டையில் அச்சிட்ட இலக்கம் உங்கள் எடையின் இறாத்தலில் பாதி அளவாக இருக்கலாம். ஆரம்பகாரருக்கு அதிலும் சற்றுக் குறைவு நல்லது. 170 இறாத்தல் என்றால் 75 அல்லது 77. மூன்றாவது நீளம். வெறுங்காலோடு நின்றால் மூக்குக்கும், ஸ்கேற்ஸோடு நின்றால் நாடிக்கும் வர வேண்டும். கூடுதலாக இருந்தால் மேலிருந்து அறுக்கலாம். ஆனால் ஒவ்வொரு அங்குலம் அறுக்கவும் மட்டை விறைக்கிறது. இரண்டு அங்குலம் அறுக்க வேண்டிவந்தால் 85க்குப் பதில் 77 எடுங்கள். ஐந்தரை அடிக்குக் கீழுள்ளவர்கள் இடைநிலை மட்டையை, 65 அல்லது 70 ஃபிளெக்ஸில், அறுக்காமலே பாவிக்கலாம். நாலாவது, பக்கைத் தொடும் கீழ்நுனித் தட்டின் வளைவு. பாவரின் பி92உம் சிசிஎம்மின் பி29உம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பக்கைத் தூக்க உதவும். பி88 வளைவு குறைந்தது. பின்பக்கத்தால் அடிக்கவும், பாஸை வாங்கவும் இலகு. எங்கள் பரிந்துரை பி88இல் தொடங்குவது. நுனி திறந்த பி28 பிறகு பார்க்கலாம்.

மிச்சச் சாமான்

பாட் வகைகள் நுரையும் பிளாஸ்ரிக்கும்தான். வளரும் பிள்ளைகள் ஒரு பருவம் போட்டுவிட்டு விட்டவை, ஆசைக்கு வாங்கி இரண்டு தடவை மட்டும் போட்டவை, எல்லாம் பாவித்த சாமான் கடைகளிலும் கிஜிஜியிலும் ஃபேஸ்புக் மார்க்கெற்பிளேஸிலும் குவிந்து கிடக்கின்றன. பாதி விலைக்கும் கீழே எடுக்கலாம்.

இவற்றில் முக்கியமானது ஷின் பாட். பக் என்பது ஒரு அங்குலத் தடிப்பும் மூன்று அங்குல அகலமும் உள்ள இறுகிய றப்பர். எடை 5.5 முதல் 6 அவுன்ஸ். அது முதலில் வந்து படுவது காலில்தான். கதிரையில் இருந்து முழங்காலை மடித்து, முழங்காற் சில்லின் நடுவிலிருந்து ஸ்கேற்ஸின் மேல்விளிம்பு வரை அளந்தால் வரும் அங்குலமே உங்கள் இலக்கம். வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் 14 முதல் 16. பாட்டின் முழங்கால் கிண்ணத்தின் நடுவில் சில்லு சரியாக உட்கார வேண்டும். நீளம் கூடிய பாட் ஸ்கேற்ஸில் இடித்து மேலே தள்ளப்பட்டு, முழங்கால் வெளியே தெரியும். பிளாஸ்ரிக்கில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள்.

பான்ற்ஸ் ஷின் பாட்டின் மேல்விளிம்பை ஒன்றிரண்டு அங்குலம் மூட வேண்டும். முழங்காலை மடித்து நின்றும் பாருங்கள். பின்னால் நாரியெலும்பை மூடும் தகடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஆரம்பகாரர் விழுவது பெரும்பாலும் பின்பக்கமாகத்தான். எல்போ பாட் கையை மடக்கி நீட்டும்போது வழுகக் கூடாது. பழசின் இழுவைப்பட்டி தளர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஷோல்டர் பாட் மோதல் இல்லாத ஆட்டத்தில் மெல்லியதே போதும். பெண்களுக்கென்று நெஞ்சுப் பகுதி வேறாக வெட்டியவை உண்டு.

கையுறை மட்டும் கவனமாகப் பொறுக்க வேண்டும். உள்ளங்கையை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். துணி மினுமினுத்து மெலிந்திருந்தால் விரைவில் ஓட்டை விழும். உள்ளங்கை மாற்றித் தருகிற இடங்கள் இருந்தாலும், மாற்றும் செலவு இன்னொரு பழைய சோடியின் விலைக்கு வந்துவிடும். வளர்ந்த ஆணுக்கு 14 அங்குலம் பொது அளவு, சின்னக் கைக்கு 13. நுனியில் விரல் முட்டாமல் கால் அங்குலம் மிஞ்ச வேண்டும்.

பாவித்த ஸ்கேற்ஸ் வாங்கவே கூடாதா என்று கேட்டால், ஒரு நிபந்தனையோடு வாங்கலாம். உங்கள் சரியான இலக்கத்தையும் அகலத்தையும் கடையில் போட்டுத் தெரிந்துகொண்ட பிறகு. அப்போது பார்க்க வேண்டியவை: பிளேட்டின் உயரம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, துரு மேலே படிந்ததா குழி விழுந்ததா, அடித்தட்டில் ஆணிகள் ஆடுகின்றனவா, கணுக்கால் பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கினால் கடதாசிப் பெட்டிபோல் ஒடுங்குகிறதா. ஒடுங்கினால் கதை முடிந்தது. பிளேட் மட்டும் தேய்ந்திருந்தால் புதிது சோடி 80 முதல் 150 டொலர். அதையும் கூட்டி விலை பேசுங்கள்.

எங்கே, எப்போது

கடைகளை ஒன்றுக்கொன்று போட்டியாகப் பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்று வாங்கலாம். ப்ரோ ஹொக்கி லைஃப் போன்ற ஹொக்கிக்கு மட்டுமான பெரிய கடையில் விலை குறையாது. ஆனால் பாதத்தை அளக்கும் ஸ்கானர், சூடாக்கும் அடுப்பு, விரிக்கும் கருவி, கூர் போடும் சாணை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஸ்கேற்ஸை அங்கே வாங்குவதற்குக் காரணம் அதுதான். கார்க்கூட்டமில்லாத ஒரு செவ்வாய், புதன் மாலை போனால் பொருத்துகிறவர் அரை மணித்தியாலம் ஒதுக்குவார். சனிக்கிழமை காலையில் எதிர்பார்க்க முடியாது. கனேடியன் ரயர் கடை, மட்டையில் சுற்றும் ரேப், பை, வாய்க்காப்பு, மலிவு மட்டை ஆகியவற்றுக்குப் போதும். ஸ்கேற்ஸுக்குப் போதாது. பிளே இற் அகெய்ன் ஸ்போர்ட்ஸ் பாவித்த பாட்களுக்கு நல்ல இடம். தனியாரிடம் வாங்குவதைவிடச் சற்று விலை கூட, ஆனால் போட்டுப் பார்த்து எடுக்கலாம், உங்கள் பழசைக் கொடுத்தும் கழிக்கலாம்.

செப்ரெம்பரில் லீக்குகள் தொடங்குவதால் ஓகஸ்ற் நடுவிலிருந்து எல்லாம் முழுவிலை. புது மொடல்கள் வரும் வசந்தத்தில், ஏப்ரல் முதல் ஜூன் வரை, பழையவை இறங்குகின்றன. பொக்சிங் டே விற்பனையில் பாட்களும் மட்டைகளும் நன்றாக இறங்கும். ஆனால் வழமையான ஸ்கேற்ஸ் இலக்கங்கள் அதற்குள் முடிந்துவிடும்.

இப்போது கணக்கு. புதிதாக: ஸ்கேற்ஸ் 300, கூண்டோடு ஹெல்மெற் 120, மட்டை 100, ஜொக் ஷோர்ட்ஸ் 50, கழுத்துக் காப்பு 40, வாய்க்காப்பு 20. ஆக 630. ஹொக்கி சொக்ஸ், இரண்டு உருளை ரேப், முதல் கூர் சேர்த்து 40. பாவித்ததாக: கையுறை 40, பான்ற்ஸ் 40, ஷோல்டர் பாட் 30, பை 30, ஷின் பாட் 25, எல்போ பாட் 20. ஆக 185. மொத்தம் 855. முழுவதையும் கடையிலேயே வாங்கினாலும் 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரியோடு 966 டொலர். பாவித்தவற்றைத் தனியாரிடம் வாங்கினால் அந்தப் பங்குக்கு வரியும் இல்லை. ஆயிரத்துக்குள் வராமல் இடித்தால் பையை விடுங்கள், மட்டையில் இருபது குறையுங்கள். ஸ்கேற்ஸிலிருந்தும் ஹெல்மெற்றிலிருந்தும் எடுக்காதீர்கள்.

பாவித்த பாட்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கழுவிவிட்டே போட வேண்டும். இழுவைப்பட்டிகள் எல்லாவற்றையும் ஒட்டி மூடி, குளிர்தண்ணீரில், மென்சுற்றில், வோஷிங் மெஷினில் போடலாம். முன்பக்கக் கதவு மெஷின் நல்லது. நடுவில் தண்டுள்ள மெஷினில் பட்டிகள் சிக்கிக் கிழியும். இல்லாவிட்டால் குளியல்தொட்டியில் சவர்க்காரத்தூள் போட்டு ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். ட்ரையரில் போடாதீர்கள். சூட்டில் நுரை சுருங்கும், கையுறையின் உள்ளங்கை விறைத்து வெடிக்கும். விசிறிக்கு முன்னால் தொங்கவிட்டால் ஒரு நாளில் காயும்.

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் இதே காய்ச்சல் வேண்டும். பையைக் காரின் பின்பெட்டியில் விட்டுவிட்டு வருவதுதான் சாமானைக் கொல்லும் பழக்கம். ஜனவரிக் குளிரில் ஈரம் உறைந்து, அடுத்த ஆட்டத்தில் இளகி, நாற்றமாக வெளிவரும். பேஸ்மன்றில் ஒரு கம்பியும் ஏழெட்டுக் கொளுக்கியும் இருந்தால் போதும். ஸ்கேற்ஸின் உள்ளட்டையை வெளியே எடுத்து வையுங்கள், நாக்கை முன்னே மடித்துவிடுங்கள், பிளேட்டைத் துணியால் துடையுங்கள். துடைக்கும்போது ஆணி இருக்கும் இடத்தையும் சேர்த்துத் துடையுங்கள், துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.